ஒரு பூவுக்கு எத்தனை நிமிஷம்? லேஸ் பின்னல் பற்றி ஒரு பாடம்



சென்ற மாதம் முத்துப்பேட்டைப் பகுதியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல் முடிந்து, உள்கடன் பாக்கியை வாசித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம். வெளியூர் வியாபாரி ஒருவர் ஊக்குநர் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பையைத் திறந்து வெள்ளை நூல் உருண்டை ஒன்றையும், உள்ளங்கை அகலத்தில் நூலால் பின்னிய பூ ஒன்றையும் எடுத்து வைத்தார். "பாருங்கம்மா, இது குரோஷா பூ. நூல் நான் தர்றேன், ஊசி நான் தர்றேன். ஒரு பூவுக்கு 12 ரூபா. வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல பின்னிக் குடுங்க. மாசம் ஒரு தடவை வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

எல்லோருக்கும் சந்தோஷம். நடவு மெஷினும் அறுப்பு மெஷினும் வந்த பிறகு வயல் வேலை நாட்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று உங்களுக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை சாய்ந்தபோது கீத்து முடைகிற வேலையும் பல தெருக்களில் போனது. வெளியே வேலைக்குப் போகாத முஸ்லிம் சகோதரிகளுக்கு வீட்டுக்குள் செய்யும் வேலை என்றால் இன்னும் வசதி. "சும்மாதானே உக்காந்திருக்கோம், பன்னெண்டு ரூபா வந்தா வரட்டுமே" என்று ஒரு லாத்தா சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அந்த "சும்மா" என்ற வார்த்தைதான் இந்த மாதப் பாடம். வியாபாரி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவரிடம் சரி என்று சொல்வதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. லேஸ் என்பது உலகத்தில் பல நாட்டுப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை. நம்ம தமிழ்நாட்டுப் பெண்களும் இருநூறு வருஷமாகச் செய்கிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

லேஸ் என்றால் என்ன?

ஃபேன்சி ஸ்டோரில் மீட்டர் கணக்கில் வாங்கி ரவிக்கைக் கையில் வைத்துத் தைக்கிறோமே, அது நமக்குத் தெரிந்த லேஸ். அது மெஷின் லேஸ். மெஷின் வருவதற்கு முன்பு லேஸ் முழுவதும் கையால்தான் செய்தார்கள். துணியில் பூ போட்டால் அது எம்பிராய்டரி. துணியே இல்லாமல், நூலை மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டையும் பின்னலுமாகப் பூ உண்டாக்கினால் அது லேஸ். நம் பக்கத்தில் பழைய ஆட்கள் இதை ரேந்தை என்றும் சொல்வார்கள். போர்த்துக்கீசியர் கொண்டு வந்த சொல் அது. அவர்கள் மொழியில் லேஸுக்கு ரெண்டா என்று பெயர்.

கை லேஸில் முக்கியமாக மூன்று வகை உண்டு. சாதாரண ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போடுவது ஒன்று. கொக்கி ஊசியால் போடும் குரோஷா இன்னொன்று. வியாபாரி காட்டியது இதைத்தான். மூன்றாவது, தலையணை மேல் வைத்துக் கட்டைகளால் பின்னுவது. இந்த மூன்றாவது வகையில் பெயர்பெற்றது மால்டா லேஸ்.

மால்டா என்பது இத்தாலிக்குத் தெற்கே, நடுக்கடலில் இருக்கும் சின்னத் தீவு நாடு. அதன் பக்கத்திலேயே கோசோ என்று இன்னொரு தீவு. அங்கே பழங்காலத்திலிருந்தே லேஸ் வேலை இருந்து, நடுவில் நலிந்து போய், 1830களில் மறுபடி உயிர் பெற்றது. வறுமையில் இருந்த குடும்பங்களில் பெண்கள் வாசல் நிழலில் உட்கார்ந்து பின்னினார்கள். வைக்கோல் அடைத்த நீளமான உருளைத் தலையணை ஒன்று. அதன் ஒரு முனை மடியில், மறுமுனை சுவரிலோ நாற்காலியிலோ சாய்ந்திருக்கும். தலையணை மேல் ஓட்டை குத்திய அட்டை. அந்த ஓட்டைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கட்டைகளைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது என்று இரண்டே அசைவுகள்தான். நம்ம பிள்ளைக்குத் தலை பின்னும்போது காலை மாற்றி மாற்றிப் போடுகிறோம் அல்லவா, அதே கைவாக்குதான். ஆனால் மூன்று கால் இல்லை, சில டிசைனுக்கு நூற்றுக்கும் மேல் கட்டை வேண்டும்.

மால்டா லேஸை இரண்டு அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம். எட்டு முனை உள்ள மால்டா சிலுவை ஒன்று. இரண்டாவது, சின்னச் சின்னக் கோதுமை மணி போன்ற பின்னல். நாம் பார்த்தால் நெல்மணி என்றுதான் சொல்வோம்! பழைய மால்டா லேஸ் பெரும்பாலும் பட்டு நூலில், சந்தன வெள்ளையிலோ கறுப்பிலோ இருக்கும். கழுத்துப் பட்டை, மணிக்கட்டுப் பட்டை, விரல் தெரியும் கையுறை, சால்வை எனப் பெண்கள் உடையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும் சாமான்களாக அது உலகம் எங்கும் போனது. இங்கிலாந்தின் விக்டோரியா ராணியே கையுறைகளும் ஒரு சால்வையும் சொல்லிச் செய்து வாங்கினார் என்பார்கள்.

இலங்கையிலும் காலி, வெலிகமப் பக்கத்தில் இதே தலையணை லேஸ் செய்கிறார்கள். அங்கே அதற்குப் பீரலு என்று பெயர். அதுவும் போர்த்துக்கீசியர் கொடுத்த பெயர்தான்.

நாகர்கோவிலில் நடந்தது

தமிழ்நாட்டுக்கு இந்தத் தலையணை லேஸ் வந்த இடம் நாகர்கோவில். 1819இல் சார்லஸ் மால்ட் என்ற லண்டன் மிஷன் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஆரம்பித்த அந்த அம்மா, எழுத்துப் படிப்போடு லேஸ் வேலையும் கற்றுக்கொடுத்தார். பிறகு அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்குப் போனபோது, அங்கேயும் லேஸ் பள்ளி தொடங்கினார். திராவிட மொழிகளின் இலக்கணம் எழுதினாரே, அதே கால்டுவெல்தான்.

அந்தக் காலத்து நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி அடிமையாக வைத்திருந்தார்கள். 1855இல்தான் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணை வந்தது. மால்ட் அம்மாவிடம் படித்த பிள்ளைகளில் அடிமைகளாகப் பிறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கி விடுதலை ஆனார்கள் என்று மிஷன் வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் நமக்குக் கிடைப்பதில்லை. துரைசானிகள் பெயர் மட்டும் புத்தகத்தில் இருக்கிறது. அது நமக்கு வருத்தம்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தப் பகுதியில் நாடார் பெண்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட மற்றப் பெண்களும் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சேலை போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அதை எதிர்த்து நடந்த தோள்சீலைப் போராட்டம் பல வருஷம் நீடித்து, 1859இல்தான் தோளை மூடிக்கொள்ள அரசு ஆணை வந்தது. சீமைப் பெண்களின் கழுத்துக்கும் தோளுக்கும் லேஸ் பின்னிக் கொடுத்த பெண்கள், தங்கள் தோளை மூடும் உரிமைக்கு அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாகர்கோவில் கதையில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்களுக்குக் கூலி கையில் வந்தது, அதைச் சேர்த்து வைக்க முடிந்தது என்பதை. நாம் குழுவில் சேமிப்பு சேமிப்பு என்று உங்கள் காதில் ஓதுவது இதற்காகத்தான்.

நரசாபுரத்தில் நடந்தது

இப்போது வேறு ஒரு டெல்டாவுக்குப் போவோம். ஆந்திராவில் கோதாவரி கடலில் கலக்கும் இடத்தில், மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாபுரம் என்று ஒரு ஊர். நம்ம காவிரி டெல்டா மாதிரியே நெல்லும் தென்னையும் வாய்க்காலும் உள்ள பகுதி. அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் குடும்பங்கள் லேஸ் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே பிரபலமானது குரோஷா. வியாபாரி நம்மிடம் காட்டிய அதே வேலை.

மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையார் 1970களின் கடைசியில் அங்கே தங்கி, லேஸ் பின்னும் பெண்களிடம் பேசி, 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் எழுதியதைப் படித்தபோது நம்ம திண்ணையில் நடந்த பேச்சையே கேட்பது போல இருந்தது.

அந்தப் பகுதியில் லட்சம் பேர் அளவில் பெண்கள் லேஸ் பின்னினார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆனது. பணம் பெரிய அளவில் புரண்டது. ஆனால் ஏற்றுமதியாளர்களும் ஏஜெண்டுகளும், "இவர்கள் தொழிலாளிகள் இல்லை, குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் சும்மா பின்னுகிறார்கள்" என்றே சொல்லி வந்தார்கள். பின்னிய பெண்களும் அதையே சொன்னார்கள். மீஸ் அம்மா மணி பார்த்துக் கணக்கெடுத்தார். சமையல், பிள்ளை, மாடு எல்லாம் போக, தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியிருந்தார்கள்! அதற்குக் கிடைத்த தினக் கூலி ஒரு ரூபாய்க்கும் குறைவு. அதே ஊரில் வயலில் இறங்கிக் கூலி வேலை செய்த பெண்களுக்கு இதைவிட அதிகம் கிடைத்தது.

ஏன் இப்படி ஆனது? மீஸ் அம்மா சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பெண் பூ மட்டும் போடுவார். இன்னொரு பெண் பூக்களை இணைத்து ஒட்டு வேலை செய்வார். சாமான் முழுசாக எப்படி இருக்கிறது, யார் வாங்குகிறார், என்ன விலைக்குப் போகிறது என்று பூ போட்ட பெண்ணுக்குத் தெரியாது. ஏஜெண்டு வந்து எடுத்துப் போவார். சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் ஆண்கள்.

2024இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம தஞ்சாவூர்த் தட்டு, தலையாட்டிப் பொம்மைக்கு இருப்பதைப் போல. நல்ல செய்திதான். வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. ஆனால் குறியீடு ஊர்ப் பெயருக்குக் காவல், பின்னுகிறவர் கூலியை அது நிர்ணயிக்காது. அதைப் பேசி வாங்குவது பின்னுகிறவர் கையில்தான் இருக்கிறது.

கடிகாரம் வைத்துப் பார்த்தோம்

மறுவாரம் அதே குழுவுக்குப் போனோம். வியாபாரி மாதிரிக்கு விட்டுப் போன பூவை நடுவில் வைத்து, குரோஷா ஏற்கெனவே தெரிந்த மூன்று உறுப்பினர்களைப் பின்னச் சொன்னோம். அசர் பாங்கு சொன்னதும் ஆரம்பித்தார்கள். ஒருவர் 40 நிமிஷத்தில் முடித்தார். ஒருவருக்கு 50 நிமிஷம். மூன்றாவது அக்கா பேரனுக்குச் சோறு ஊட்ட எழுந்து போன நேரத்தைக் கழித்தும் 65 நிமிஷம் ஆனது. நடுவாக 50 நிமிஷம் என்று வைத்துக்கொண்டோம்.

கணக்கு இதுதான். 50 நிமிஷத்துக்கு 12 ரூபாய் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 14 ரூபாய் 40 காசு. எட்டு மணி நேரம் குனிந்து பின்னினால் 115 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அதை எட்டால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அதாவது நிமிஷத்துக்கு 70 காசு. அப்படியானால் அந்தப் பூவுக்கு 35 ரூபாய் கிடைக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, நடவுக் கொத்தில் முன்னே நிற்கும் ஒரு அக்கா சொன்னார்: "ஒரு மா நடவுக்கு எவ்வளவுன்னு வரப்புல நின்னு பேசாம காலை சேத்துல வைக்க மாட்டோம். கீத்து முடைஞ்சாலும் கீத்துக்கு இவ்வளவுன்னு பேசித்தான் குந்துவோம். இதுக்கு மட்டும் எப்புடி வாயை மூடிக்கிட்டு இருந்தோம்?"

அவர் கேட்டதை நாங்களும் யோசித்தோம். வயலில் இறங்கினால் அது வேலை என்று நமக்கே தெரிகிறது. வீட்டுக்குள், கட்டிலில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே செய்தால் அது வேலையாகத் தெரிவதில்லை. வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களுக்குத்தான் ரேட்டு இன்னும் குறைவாகப் பேசுகிறார்கள், ஏனென்றால் பக்கத்துத் தெருவில் என்ன ரேட்டு என்று அவர்கள் போய்க் கேட்க மாட்டார்கள்.

வியாபாரிக்கும் செலவு உண்டு. நூல் வாங்க வேண்டும், வண்டிச் செலவு உண்டு, விற்காத சரக்கு அவர் தலையில்தான். 35 ரூபாய் கேட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று ஊக்குநர் பயப்பட்டார். நியாயமான பயம். ஒரு குழு மட்டும் கேட்டால் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் இதைக் கூட்டமைப்பு நோட்டில் ஏற்ற வேண்டும் என்கிறோம். ஜாம்பவானோடை, தில்லைவிளாகம், உதயமார்த்தாண்டபுரம் என்று எங்கே போனாலும் ஒரே ரேட்டு சொல்ல வேண்டும்.

முழுச் சாமான் செய்தால்?

இன்னொரு வழியும் உண்டு. பூவாகக் கொடுக்காமல், நாமே முழுசாக முடித்த சாமானாக விற்பது. மேஜை விரிப்பு மாதிரிப் பெரிய சாமான் வேண்டாம். ஒரு விரிப்புக்கு அறுபது மணி நேரம் பிடித்தால் கூலி மட்டுமே 2,520 ரூபாய். அந்த விலைக்கு நம்ம ஊரில் யார் வாங்குவார்? வெளியூர் வியாபாரியைத்தான் மறுபடி எதிர்பார்க்க வேண்டும். அதனால் உடைக்குத் துணையாகப் போடும் சின்னச் சாமான்களை யோசித்தோம். மால்டா பெண்களும் அதைத்தான் செய்தார்கள். கழட்டி மாட்டுகிற கழுத்துப் பட்டை, துப்பட்டா விளிம்பு, ரவிக்கைக் கை ஓரம், விறைப்பாக்கிய லேஸ் தோடு. ஒரு பட்டையை இன்றைக்கு ஒரு சுடிதாரில் மாட்டலாம், நாளைக்கு வேறு சுடிதாரில் மாட்டலாம். காலேஜ் போகும் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது.

தலையணை லேஸ் நம்மால் இப்போது முடியாது. அதைக் கற்க வருஷக்கணக்காகும், சொல்லிக் கொடுக்க ஆளும் வேண்டும். குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல் உருண்டையும் போதும். ஆனால் மால்டாக்காரர்களிடம் ஒரு யோசனையைக் கடன் வாங்கினோம். அவர்கள் சிலுவையைப் போட்டு இது எங்கள் ஊர்ச் சரக்கு என்று அடையாளம் வைத்தது போல, நம்ம பட்டையின் இரண்டு முனையிலும் நெல்மணி ஒன்று வரும்படி பின்னச் சொன்னோம். ஒரு தங்கை அலையாத்தி இலை வடிவத்தில் தோடு போட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது.

கந்தூரிக் கடைத்தெருவில் குழுவுக்கு ஒரு மேஜை போட்டு விற்றோம். உள்ளது உள்ளபடி சொல்கிறோம்: பத்துக் கழுத்துப் பட்டை கொண்டு போனதில் மூன்றுதான் விற்றது. தோடு அத்தனையும் போய்விட்டது. பட்டை வாங்க வந்தவர்கள் "ஃபேன்சி ஸ்டோர்ல லேஸ் மீட்டர் இவ்வளவுதானே" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல நம்ம உறுப்பினர்களுக்குத் தெரியவில்லை. அது எங்கள் தவறு, சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதை இப்போது சொல்கிறோம்.

மெஷின் லேஸ் பெரும்பாலும் இரண்டு வகையில் வருகிறது. நூலை வலையாகப் பின்னும் மெஷின் ஒன்று. 1809இலேயே இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் வலைத்துணி பின்னும் மெஷினுக்கு உரிமம் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு கை லேஸ்காரர்கள் பாடு கஷ்டம்தான். இன்னொன்று, கரையும் துணி மேல் மெஷின் எம்பிராய்டரி போட்டு, துணியைக் கரைத்துவிட்டு நூலை மட்டும் மிச்சம் வைப்பது. நம்ம கடைகளில் வரும் கனமான லேஸ் பல இப்படி வந்ததுதான். ஆனால் குரோஷாவை ஊசியில் போடுவது போல அப்படியே போடும் மெஷின் சந்தைக்கு வரவில்லை. "குரோஷா லேஸ்" என்று மீட்டரில் விற்பது அதன் சாயலில் மெஷினில் செய்தது. ஒரு நூலின் முனையைப் பிடித்து இழுத்தால் கை குரோஷா வரிசை வரிசையாகப் பிரிந்து வரும். மெஷின் லேஸ் அப்படிப் பிரியாது, பின்பக்கம் பிசிறு பிசிறாக இருக்கும். இதை வாங்குபவருக்குக் காட்டிச் சொல்லலாம். எங்காவது முழுக் குரோஷா சட்டை ரொம்ப மலிவாக விற்றால், ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண்ணின் நேரத்துக்குக் கூலி கொடுக்கவில்லை என்றும் புரிந்துகொள்ளலாம்.

தோட்டுக்கும் பட்டைக்கும் எப்படி விலை போட்டோம் என்பதையும் எழுதுகிறோம். ஒரு ஜோடித் தோட்டுக்கு 30 நிமிஷம், அதாவது 21 ரூபாய். கொக்கியும் நூலும் 12 ரூபாய். அட்டை 3 ரூபாய். அடக்கம் 36 ரூபாய். 60க்கு விற்றோம். மீதியில் குழு நிதிக்கு ஒரு பங்கு, மேஜை வாடகைக்கு ஒரு பங்கு. கழுத்துப் பட்டைக்கு ஆறு மணி நேரம், 252 ரூபாய். நூலும் பட்டனும் 31 ரூபாய். கஞ்சி போட்டுக் காய வைக்க அரை மணி நேரம், 21 ரூபாய். அடக்கம் 304 ரூபாய். குழு நிதி சேர்த்து 335க்குக் கொடுக்கலாம். கடைக்காரர் அவர் லாபம் சேர்த்து 425 சொல்வார். இதைக் குறைத்துச் சொல்லச் சொல்லி எங்களிடமே இரண்டு பேர் கேட்டார்கள். குறைப்பதாக இருந்தால் நேரத்தைக் குறைக்கிற டிசைனுக்கு மாறுங்கள், மெல்லிய பட்டையாகப் போடுங்கள். நிமிஷத்துக்கு 70 காசு என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

செய்யும்போது கவனிக்க

நூல் வாங்கும்போது பருத்தியா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு துண்டை நெருப்பில் காட்டினால் பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கட்டியாகும். கலர் நூல் என்றால் ஈர வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே பின்னவும்.

பின்னி முடித்ததும் அலசி, துண்டு விரித்த பலகையில் வடிவம் பார்த்துக் குண்டூசி குத்தி, வடித்த கஞ்சியைத் தண்ணீராக்கிப் பூசி நிழலில் காய விடவும். நம்ம ஊர் உப்புக்காற்றை மறந்து நாங்கள் சாதாரண இரும்புக் குண்டூசி கொடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் இரண்டு வெள்ளைப் பட்டையில் துருக்கறை! எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. அந்த இரண்டுக்கும் கூலியை நாங்கள்தான் கொடுத்தோம். பித்தளை ஊசி அல்லது துருப்பிடிக்காத எஃகு ஊசி மட்டும் பயன்படுத்தவும். மழைக்காலத்தில் கஞ்சி போட்டதைப் பூச்சி அரிக்கும், பூஞ்சை பிடிக்கும். தோட்டுக்கு மட்டும் கஞ்சிக்குப் பதில், வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் விறைப்பு நிற்கும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் மங்கலான லைட்டில் வெள்ளை நூல் பின்ன வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்கள் கண் பரிசோதனை முகாம் வந்தால் தவறாமல் போகவும். கழுத்து வலிக்கு அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கவும். அந்த நடக்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்கலாம், தப்பில்லை.

தொடர்ந்து செய்ய விரும்புகிறவர்கள் மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு, அதாவது பெஹ்சான் கார்டுக்கு, விண்ணப்பிக்கலாம். கண்காட்சியில் கடை போட அது உதவும். படிவம் நிரப்ப நாங்கள் வருகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்

வியாபாரி அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதற்குள் குரோஷா தெரிந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிக் கொண்டு வரவும்: எந்தச் சாமான், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது. எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வியாபாரி அதைத்தான் முதலில் கேட்பார்.

குழுவில் இதையும் பேசி வைக்கவும்: 35 ரூபாய் கேட்டு அவர் 25 சொன்னால் என்ன சொல்வது? நூலை நாமே வாங்கிக்கொண்டு முழுப் பட்டையாகத் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்வாரா? ஒரு குழு 12க்கே கொடுத்துவிட்டால் மற்றக் குழுக்கள் என்ன செய்யும்? பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதிப் பிரதிநிதிகள் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும். அந்த லாத்தா இதுவரை நாலு பூவுக்கு நேரம் எழுதியிருக்கிறார். கடைசிப் பூ 38 நிமிஷம்.